பார்ட்ஸ் மாற்றியும் பெடல் நிற்கவில்லையா? பழைய 407-இல் பிரேக் ஏர் எடுக்கும் வழி

“மாஸ்டர் புதுசு, வீல் சிலிண்டர் நாலும் புதுசு, ரெண்டு லிட்டர் ஆயில் ஊத்தி ஏர் எடுத்தாச்சு. அப்பவும் பெடல் பஞ்சு மாதிரி போகுதுண்ணே.”

நாமக்கல் பக்கம் சின்ன வண்டிகளுக்கு பிரேக் வேலை பார்க்கும் எனக்கு, மாதத்தில் இரண்டு முறையாவது இந்தப் பேச்சு காதில் விழும். மாஸ்டர் என்பது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் சிலிண்டர், வீல் சிலிண்டர் சக்கரத்தில் அந்த அழுத்தத்தை வாங்கி பிரேக்கை இயக்குவது. ஏர் எடுப்பது என்றால் ஆயில் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. வண்டி பெரும்பாலும் பழைய டாடா 407. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, வாழைத்தாரும் அன்னாசியும் கொண்டுவருகிற வண்டிகள் அவை. பெடலில் சந்தேகம் இருக்கும்போது அவற்றை வெளியே அனுப்ப எனக்கு மனம் வராது.

பார்ட்ஸ் மாற்றிய பிறகு வரும் கோளாறு முக்கால்வாசி நேரம் கடைசியாகக் கை வைத்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இன்னொரு லிட்டர் ஆயில் வாங்க ஆள் அனுப்புவதற்கு முன், பெடல் எப்படிப் போகிறது என்பதைக் காலால் நன்றாகப் பாருங்கள். கீழே உள்ள தலைப்புகள் எல்லாம் பெடலின் நடத்தையை வைத்துப் பிரித்தவை. உங்கள் வண்டி எதில் வருகிறதோ அங்கே நேராகப் போகலாம்.

இது ஆயில் பிரேக் வண்டிக்கு மட்டும். பெரிய லாரிகளின் ஏர் பிரேக் முற்றிலும் வேறு வேலை. நான்கு சக்கரத்திலும் ட்ரம் உள்ள வண்டியை வைத்துச் சொல்கிறேன். முன்னால் டிஸ்க் இருந்தால் எது மாறும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

முதலில், ஏர் எடுத்த முறை சரிதானா?

வண்டி சமதரையில் நிற்க வேண்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டிருக்க வேண்டும். மாஸ்டரோடு இருக்கும் ஆயில் டப்பாவின் மூடியில் போட்டிருக்கும் ரக ஆயில்தான், அதுவும் சீல் உடைக்காத டின். டாட் 3, டாட் 4 இரண்டும் ஒரே குடும்பம். டாட் 5 சிலிகான் வகை, அதை இவற்றோடு கலக்கவே கூடாது. பாதி தீர்ந்து ஷெல்ஃபில் ஆறு மாதம் இருந்த டின்னை எடுக்காதீர்கள், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம்.

மாஸ்டரிலிருந்து எட்ட உள்ள சக்கரம் முதலில். நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம் என்பதால், பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வர வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சக்கரத்தின் பின்பக்கம் காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளில், உள்ளே தெரிகிற டியூபை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முங்க விடுங்கள். பெடலில் இருப்பவர் மெதுவாக மூன்று நான்கு முறை மிதித்துப் பிடிக்க வேண்டும். “பிடிச்சிருக்கேன்” என்று குரல் வந்த பிறகே நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். பெடல் இறங்கும், நிப்பிளை மூடுங்கள், அதன் பிறகு “விடு” என்று சொல்லுங்கள். இந்த வரிசை ஒரு தடவை மாறினாலும், வெளியே போன காற்று அதே வழியில் உள்ளே வந்துவிடும். பெடலில் உட்காரும் தம்பிக்கு வேலை தொடங்குமுன் இதைச் சொல்லிக் கொடுங்கள், நடுவில் கத்திப் பயனில்லை.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ஆயில் டப்பாவைப் பாருங்கள். டப்பா காலியானால் மறுபடி முதல் சக்கரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று, பழைய மாஸ்டரை மாற்றாமல் வீல் சிலிண்டர் மட்டும் மாற்றியிருந்தால், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டு ஏர் எடுங்கள். பெடல் அடிவரை போனால், பிஸ்டன் பல வருடமாகப் போகாத துருப்பிடித்த பகுதிக்குள் பக்கெட்டுகள் (பிஸ்டனில் ஆயிலை அடைக்கும் ரப்பர்கள்) போய்க் கிழியும். நல்ல மாஸ்டர் ஏர் எடுக்கும்போதே கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

பெடல் எதிர்ப்பே இல்லாமல் அடிவரை போகிறது

*டப்பாவில் ஆயில் இறங்கவில்லை, நிப்பிளிலும் ஒன்றும் வரவில்லை*

மாஸ்டருக்குள் காற்று நிற்கிறது. புதிய மாஸ்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் வைஸில் பிடித்து ஏர் எடுத்தீர்களா? இல்லை என்றால் காரணம் அதுதான். அதற்காகக் கழற்ற வேண்டாம். மாஸ்டரிலிருந்து கிளம்பும் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். நுரை நின்று தெளிந்த ஆயில் வந்ததும் இறுக்கிவிட்டு, அப்புறம் பெடலை விடச் சொல்லுங்கள். கீழே பழைய துணியை விரித்துக்கொள்ளுங்கள், பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். பட்ட இடத்தை உடனே தண்ணீரால் கழுவினால் தப்பிக்கும்.

மாஸ்டர் மூக்கு மேலே பார்த்தபடி சாய்ந்து உட்காரும் வண்டிகளில், அந்த மூக்கில் ஒரு குமிழி பிடிவாதமாக நிற்கும். வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மாஸ்டரைச் சமமாக்கிவிட்டு இதே வேலையைச் செய்தால் வந்துவிடும்.

*டப்பாவில் ஆயில் இறங்குகிறது, நிப்பிளில் வரவில்லை*

எங்கோ வெளியே கொட்டுகிறது. நான்கு சக்கரத்தின் பேக் பிளேட்டின் (ட்ரம்முக்குப் பின்னால் இருக்கும் தகடு) அடியையும் கையால் தடவிப் பாருங்கள். ட்ரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் மிகவும் தளர்ந்திருந்தால், புதிய வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்தே விழுந்திருக்கும். ட்ரம் போடாமல் யாராவது பெடலை மிதித்தாலும் இதே கதைதான்.

*கிட் (உள் ரப்பர்கள்) மட்டும் மாற்றிய மாஸ்டர், எல்லாம் செய்தும் பெடல் ஏறவில்லை*

உள்ளே ஒரு பக்கெட் திரும்பி உட்கார்ந்திருக்கும், அல்லது உதடு மடிந்திருக்கும். கழற்றிப் பாருங்கள். உள்சுவரில் நகம் மாட்டுகிற அளவு கோடு இருந்தால் இன்னொரு கிட் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள், முழு மாஸ்டரையும் மாற்றுங்கள். எமரி தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்த மாஸ்டரை நான் வண்டியில் ஏற்றுவதில்லை.

முதல் மிதியில் கீழே, இரண்டாம் மிதியில் மேலே

அதிகம் பேர் ஏமாறுவது இந்த அறிகுறியில்தான். ஆரம்ப காலத்தில் நானும் ஒரு 407-க்கு ஒரு நாள் முழுக்க ஏர் எடுத்தேன். நிப்பிளில் ஒரு குமிழிகூட வரவில்லை, பெடலும் மேலே வரவில்லை. மறுநாள் காலையில் அட்ஜஸ்டரை ஏற்றியதும் பத்து நிமிடத்தில் பெடல் நின்றது. ஷூவின் மேல் இருக்கும் புதிய லைனருக்கும் ட்ரம்முக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி விட்டுப் பூட்டியிருந்தேன்.

அதன் பிறகு எந்த வண்டி வந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்கிறேன். நான்கு சக்கரத்தையும் தரையை விட்டுத் தூக்கி, அட்ஜஸ்டரைத் திருகித் திருகி, சக்கரம் கையால் சுற்ற முடியாதபடி ஷூவை ட்ரம்மோடு பூட்டிவிடுங்கள். இப்போது பெடலை மிதியுங்கள்.

*பெடல் உயரமாக, கல் மாதிரி நிற்கிறது*

ஆயில் பக்கம் சுத்தம். காற்று இல்லை, மாஸ்டரும் நன்றாக இருக்கிறது. குறை ஷூ இடைவெளியில். ஒவ்வொரு அட்ஜஸ்டராகத் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றும்போது லைனர் லேசாக உரசும் சத்தம் மட்டும் கேட்கும் அளவில் நிறுத்துங்கள். நடுவில் ஒருமுறை பெடலை மிதித்து ஷூவை நடுவே உட்கார வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அட்ஜஸ்டரை முழுக்க ஏற்றியும் லைனர் ட்ரம்மைத் தொடவில்லை என்றால் ட்ரம் தேய்ந்து பெரிதாகிவிட்டது. ட்ரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டியதை லேத்தில் கொடுத்து இன்னும் சீவக் கூடாது, புதிதுதான் வாங்க வேண்டும்.

*பூட்டிய பிறகும் பஞ்சாகவே போகிறது*

அப்படியானால் காற்றுதான், அல்லது ஊதும் ஹோஸ். அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஆயில் டின்னைத் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள் என்று என்னிடம் வேலை பழகும் பையன்களிடம் தினமும் சொல்கிறேன்.

பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது

*நிப்பிளில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது*

பெடலை விடும் வேகத்தைப் பாருங்கள். காலைச் சட்டென்று எடுத்தால் வீல் சிலிண்டரின் ரப்பர் ஓரமாகக் காற்று உள்ளே இழுபடும். மெதுவாக விடச் சொன்னாலே பாதி வண்டிகளில் குமிழி நின்றுவிடும். வாக்யூம் பம்ப் வைத்து நிப்பிளில் இழுப்பவர்கள் என்றால், குமிழி நிப்பிளின் மரை வழியாக வரலாம். அது உள்ளேயிருந்து வரும் காற்று அல்ல, அதைத் துரத்திக்கொண்டு ஆயிலைக் காலி செய்யாதீர்கள். பெடல் முறைக்கு மாறி உறுதி செய்துகொள்ளுங்கள்.

*குமிழி இல்லை, பெடல் மட்டும் பஞ்சு*

காற்று, நிப்பிளை எட்டாத இடத்தில் நிற்கிறது. முன்னால் டிஸ்க் உள்ள வண்டியில் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) இடம் வலம் மாற்றிப் பூட்டியிருந்தால் நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே தங்கும், ஆயில் கீழே போகும், நாள் முழுக்க எடுத்தாலும் தீராது. நிப்பிள் எப்போதும் மேல்முனையில் இருக்க வேண்டும். முன் ட்ரம்முக்குள் இரண்டு வீல் சிலிண்டர் உள்ள வண்டிகளில், அவற்றை இணைக்கும் குட்டிப் பைப்பின் இரண்டு நட்டும் இறுகியிருக்கின்றனவா, நிப்பிள் மேல் சிலிண்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கம்பியோடு ஒரு வால்வு தொங்குகிறதா? சுமைக்கு ஏற்ப பின் பிரேக்குக்குப் போகும் ஆயிலைக் கூட்டிக் குறைப்பது அது. சேஸிஸை ஜாக்கியில் தூக்கினால் அச்சு கீழே தொங்கும், வண்டி காலி என்று அந்த வால்வு வழியைக் குறுக்கிவிடும். அதனால் பின் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே அங்கே ஏர் எடுங்கள், இல்லாவிட்டால் ஸ்டாண்டை அச்சுக்கு அடியில் கொடுங்கள்.

*எல்லாம் சரியாக இருக்கிறது, அப்போதும் பஞ்சு*

ஒருவர் அழுத்தி மிதித்துப் பிடிக்கட்டும், நீங்கள் ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துப் பாருங்கள். ஊதுவது விரலுக்குத் தெரியும். வெடிப்பு விட்ட பழைய ஹோஸ்களை மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுவதே நல்லது. அதோடு, புதிய லைனர் பழைய ட்ரம்மின் வளைவோடு இன்னும் சேராவிட்டாலும் முதல் சில நாள் பெடல் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். அது ஓட ஓடச் சரியாகும். ஆனால் மேலே சொன்னது எல்லாம் பார்த்த பிறகுதான் அந்தச் சமாதானத்துக்கு வர வேண்டும்.

பிடித்து மிதித்தால் பெடல் மெதுவாக இறங்குகிறது

இந்த வண்டியை ஓட்டாதீர்கள். பட்டறைக்குக்கூட கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

முதலில் வெளிக் கசிவு. நட்டுகள், ஹோஸ் முனைகள், செம்பு வாஷர்கள் எல்லாவற்றையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, இரண்டு நிமிடம் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பழைய செம்பு வாஷரை மறுபடி போட்டிருந்தால் அங்கேதான் ஈரம் தெரியும். வீல் சிலிண்டரின் தூசி ரப்பரைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது. ட்ரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் மாஸ்டரும், வாக்யூம் உதவியால் மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரும் சேரும் இடத்தைப் பாருங்கள். மாஸ்டரின் இரண்டு நட்டைத் தளர்த்திச் சற்று முன்னே இழுத்தால் பின்பக்கம் தெரியும். அங்கே ஈரம் இருந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போகிறது. அங்கும் காய்ந்திருந்தால் மாஸ்டருக்குள்ளேயே பக்கெட்டைத் தாண்டி ஆயில் திரும்புகிறது. சந்தேகம் தீர, மாஸ்டரின் வெளிவழிகளை அதே மரையுள்ள டம்மி போல்ட்டால் அடைத்து மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் குற்றவாளி மாஸ்டர்தான், உறுதி. கல்லாக நின்றால் மாஸ்டரை விட்டுவிட்டு மறுபடி கசிவைத் தேடுங்கள்.

சேஸிஸ் ஓரம் போகும் இரும்புப் பைப் துருப்பிடித்துப் பொரிந்திருந்தால் அங்கே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பைப் முனையை இரட்டை மடிப்பாக விரித்து ஃபிளேர் அடிக்கும் கருவி இல்லாமல் பைப் செய்யக் கூடாது. வெட்டி, ரப்பர் டியூபை மாட்டி, கிளிப் போட்டுக் கொண்டுவந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

இது ஏர் எடுத்துத் தீர்கிற கோளாறு அல்ல. இன்ஜினை அணைத்துவிட்டு ஐந்தாறு முறை மிதியுங்கள், காலை அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவில்லை என்றால் முதலில் வாக்யூம் ஹோஸ் கழன்றோ வெடித்தோ இருக்கிறதா, அடுத்து ஒருவழி வால்வு இருபக்கமும் ஊதுகிறதா, அப்புறம் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்து ஓடும் வாக்யூம் பம்ப் இழுக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் பூஸ்டர். அதைத் திறந்து வேலை பார்ப்பதை அதற்கென்றே இருக்கும் கடைக்கு விட்டுவிடுங்கள்.

பூஸ்டர் நன்றாக இருந்தும் நிற்கவில்லை என்றால் லைனரில் ஆயிலோ கிரீஸோ பட்டிருக்கும். நெருப்பில் காட்டினாலும் பெட்ரோலில் கழுவினாலும் அது முழுதாகப் போகாது. அந்த அச்சின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள்.

ஏர் எடுத்த பிறகு சக்கரம் பிடித்துக்கொள்கிறது, ட்ரம் கொதிக்கிறது

*ஒரு சக்கரம் மட்டும்*

அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால், ஹோஸுக்குள் ரப்பர் உரிந்து ஆயிலைத் திரும்ப விடாமல் அடைக்கிறது. நிப்பிள் திறந்தும் விடுபடவில்லை என்றால் அட்ஜஸ்டர் அதிகம், ஸ்பிரிங் மாறிப் பூட்டியிருக்கிறது, அல்லது பிஸ்டன் இறுகிவிட்டது. பின் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள்.

*எல்லாச் சக்கரமும்*

மாஸ்டர் பக்கம் பைப் நட்டைத் தளர்த்தியதும் விடுபடுகிறதா? அப்படியானால் மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ் ராடு நீளமாக இருக்கிறது, பிஸ்டன் முழுக்கப் பின்னால் வரவில்லை. புதிய மாஸ்டர் போட்ட வண்டியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெடலைக் கையால் அழுத்தும்போது, ராடு பிஸ்டனைத் தொடும் முன் சிறிய ஆட்டம் இருக்க வேண்டும்.

ராடு சரி, ஆனாலும் இரண்டு மூன்று நாளில் எல்லாச் சக்கரமும் இறுகிவிட்டது என்றால், பூட்டும்போது பார்ட்ஸை எதில் கழுவினார்கள் என்று கேளுங்கள். டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், இதில் எது பட்டாலும் பிரேக் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். கழுவ பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோதான். மேலே ஆயில் டப்பா மூடியின் ரப்பரும் உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பைப்பைக் கழுவி, மாஸ்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். இந்த வேலையிலேயே பெரிய செலவு இது. நல்ல மெக்கானிக் கையில் கொடுங்கள்.

பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது

வண்டி இடப்பக்கம் இழுத்தால் வலது முன் சக்கரம் குறைவாகப் பிடிக்கிறது என்று தொடங்குங்கள். அங்கே மறுபடி ஏர் எடுங்கள், அட்ஜஸ்டரைப் பாருங்கள், பிறகு ட்ரம்மைக் கழற்றி லைனர் நனைந்திருக்கிறதா பாருங்கள். டயர் காற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிப்பிள் திறக்கவே வரவில்லை

ஓப்பன் ஸ்பேனர் போடாதீர்கள், முனை உருண்டுவிடும். ரிங் ஸ்பேனர், துரு இளக்கும் ஆயில், சுத்தியலால் தலையில் லேசான தட்டு, ஒரு ராத்திரி பொறுமை. இறுக்கும் திசையில் முதலில் சிறிது அசைத்துவிட்டுத் திறந்தால் பல நேரம் வந்துவிடும். உடைந்துவிட்டால் துளை போட்டு எடுக்க முயல வேண்டாம், வீல் சிலிண்டரையே மாற்றுவது சுலபம்.

சாலைக்கு எடுப்பதற்கு முன்

இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். ஒரு விரற்கடைகூட இறங்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு, காலி வண்டியாக, ஆளில்லாத மைதானத்தில், முதல் கியரில் நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். மேலே உள்ளதையெல்லாம் செய்தும், இரண்டு லிட்டர் ஆயில் தீர்ந்தும் பெடல் சரியாகவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு ஆளை வண்டி இருக்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.

சரியாகிவிட்டால் ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நான்கு ட்ரம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அந்தச் சக்கரத்துக்குத் திரும்ப வாருங்கள். மறுநாள் காலையில் ஆயில் டப்பாவின் அளவையும் நிப்பிள்களின் ஈரத்தையும் பாருங்கள். புதிய லைனர் போட்ட வண்டிக்கு ஒரு வாரம் ஓடிய பிறகு அட்ஜஸ்டரை இன்னொரு முறை ஏற்ற வேண்டியிருக்கும். மலைக்கு லோடு ஏற்றுவதை அதுவரை தள்ளி வையுங்கள்.